முகாம் விடுதிகளும் இன்ஷூரன்ஸும்

ஏரிக்கரையிலோ மலைச்சாரலிலோ பத்துப் பன்னிரண்டு கூடாரங்களை அடித்து, நகரத்து மக்களை வார விடுமுறையில் தங்கவைக்கும் தொழில் நம் நாட்டில் பெருகி வருகின்றது. மகாராஷ்டிரத்தில் பவனா நீர்த்தேக்கத்தின் கரை, ரிஷிகேசத்தை அடுத்த கங்கைப் பள்ளத்தாக்கு, ஜைசல்மேரின் மணல்மேடுகள், குடகு, வயநாடு என்று இதற்குப் பெயர்பெற்ற இடங்கள் பல. அமெரிக்காவில் மக்கள் வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர்சுற்றுவதும், அவ்வண்டிகளை இரவில் நிறுத்துவதற்குத் தண்ணீரும் மின்சாரமும் உள்ள திடல்கள் இருப்பதும் நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கமும் இங்கு வந்து சேர்ந்துவிட்டது. கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் காரவான் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. அதற்கு அடுத்த ஆண்டில் வாகமனில் இவ்வகைத் திடல் ஒன்று தொடங்கப்பெற்றது.

இத்தொழிலில் தமிழர்களும் இறங்கியிருக்கின்றனர். ஆலையிலோ அலுவலகத்திலோ முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர்கள், ஊருக்குத் திரும்ப மனமின்றி, கையில் வந்த கிராஜுவிட்டிப் பணத்தை இதில் போடுகின்றனர். நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் பூனாவுக்கு அருகில் அவ்வாறுதான் செய்தார். ஒரு விவசாயியிடம் ஓர் ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பன்னிரண்டு கான்வாஸ் கூடாரங்களும், தகரக் கூரையிட்ட ஒரு சமையற்கூடமும், இரண்டு குளியலறைகளும் அமைத்தார். காருக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க வந்த ஏஜெண்டே இதற்கும் ஒரு தீ இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்துக் கொடுத்தார். பிரீமியம் சொற்பம். பாலிசியைப் பெட்டியில் வைத்துவிட்டு அன்பர் நிம்மதியாக இருந்தார்.

மூன்றாம் ஆண்டு மே மாதத்தில் ஒருநாள் இரவு, பருவமழைக்கு முன் வீசும் சுழற்காற்று வீசியது. சமையற்கூடத்தின் கூரை பறந்தது; ஐந்து கூடாரங்கள் கிழிந்தன; மாமரத்தின் கிளை ஒன்று முறிந்து விழுந்ததில் கூடாரத்தில் படுத்திருந்த இளைஞர் ஒருவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. சமையற்கூடத்துக்குப் பணம் வந்தது. கூடாரங்களுக்கு வரவில்லை. இளைஞரின் வக்கீல் அனுப்பிய நோட்டீஸுக்கோ அந்தப் பாலிசியில் ஒரு வரிகூட இடமில்லை. ஊரில் இருந்த பூர்வீக நிலத்தில் ஒரு பகுதியை விற்றுத்தான் அன்பர் அந்த வழக்கை முடித்தார். இதில் தவறு எங்கே நேர்ந்தது என்பதை ஆராய்ந்தால், இத்தொழிலுக்கு வேண்டிய இன்ஷூரன்ஸ் இன்னதென்பது தானே விளங்கும்.

முதலில் கூடாரங்களைப் பார்ப்போம். விண்ணப்பத்தை நிரப்பிய ஏஜெண்ட், ‘கட்டடம், பக்கா’ என்று எழுதியிருந்தார். பக்கா, கச்சா என்னும் சொற்கள் வடபுலத்தில் வாழும் நேயர்களுக்குப் பழக்கமானவையே. தீ இன்ஷூரன்ஸில் இவற்றுக்குத் திட்டமான பொருள் உண்டு. மரப்பலகை, கீற்று, வைக்கோல், மூங்கில், பிளாஸ்டிக் துணி, கான்வாஸ், தார்ப்பாய் ஆகியவற்றால் சுவரோ கூரையோ அமைந்தவற்றைப் பழைய அகில இந்தியத் தீ விகித அட்டவணை ‘கச்சா’ என்று வகுத்தது. பிரீமியத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் 2007-ஆம் ஆண்டில் கம்பெனிகளிடம் விடப்பட்ட பிறகும் இந்தப் பாகுபாடு மறையவில்லை. கச்சாவுக்குப் பிரீமியம் கூடும். அதைத் தவிர்க்க வேண்டி யாரேனும் ‘பக்கா’ என்று எழுதினால், சில நூறு ரூபாய் மிஞ்சும். ஆனால் நஷ்டம் நேர்ந்த நாளில் பாலிசியில் வர்ணிக்கப்பட்ட பொருள் வேறு, அழிந்த பொருள் வேறு என்றாகிவிடும்.

விண்ணப்பம் ஆங்கிலத்திலோ அந்தந்த மாநில மொழியிலோ இருப்பதால் நம்மவர் பலர் படிக்காமலே கையெழுத்திடுகின்றனர். விண்ணப்பதாரருக்கு அம்மொழி தெரியாதபோது, வாசகத்தை அவருக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொன்னதாக நிரப்பியவர் உறுதிமொழி எழுதுவதற்கு விண்ணப்பத்தின் இறுதியில் இடம் இருப்பது வழக்கம். அந்த இடத்தை வெறுமையாக விட வேண்டாம். விளக்கிச் சொல்லுமாறு கேட்பதில் கூச்சத்துக்கு இடமே இல்லை.

சிறுதொழில்களுக்கென்று 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்னும் பொதுப்பாலிசி நடைமுறைக்கு வந்தது. ஓரிடத்தில் உள்ள சொத்தின் மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத தொழில்களுக்கு உரியது இது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலச்சரிவு, நிலநடுக்கம், காட்டுத்தீ, மரம் விழுதல் ஆகியவற்றால் நேரும் சேதங்கள் இதில் அடங்கும். அமெரிக்காவில் வெள்ளச் சேதம் சாதாரணச் சொத்துப் பாலிசியில் சேராது. 1968-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அதற்கென்று தனித்திட்டம் ஒன்றையே ஏற்படுத்த நேர்ந்தது. அந்த வகையில் நம் நாட்டு முகாம் உரிமையாளர் சற்றுக் கொடுத்துவைத்தவரே. விலங்குகளைப் பற்றி ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய தீப் பாலிசியின் வாசகப்படி, உரிமையாளருக்குச் சொந்தமல்லாத விலங்கு நேரே மோதிச் சேதப்படுத்தினால் நஷ்டஈடு உண்டு. காட்டுயானைக்குச் சலுகை, சொந்த எருமைக்கு இல்லை!

சொத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டுவது மற்றொரு பிழை. 40 லட்ச ரூபாய் பெறுமான சொத்தை 20 லட்சத்துக்கு மட்டும் இன்ஷூர் செய்தவருக்கு 8 லட்சம் நஷ்டம் நேர்ந்தால், அந்த 8 லட்சமும் கிடைக்கும் என்று எண்ணுவது இயல்பு. கிடைப்பது 4 லட்சமே. பாதிச் சொத்துக்குக் கம்பெனி பொறுப்பேற்றது. மறுபாதிக்கு அவரே பொறுப்பாளி என்பது கணக்கு. மேற்சொன்ன பொதுப்பாலிசியில் இக்குறைவு 15 சதவிகிதத்துக்குள் இருந்தால் பிடித்தம் செய்யப்படுவதில்லை.

இனி அந்த இளைஞரின் கால். தன் சொத்துக்கு நேரும் நஷ்டம் வேறு; தன் இடத்தில் பிறருக்கு நேரும் தீங்குக்குத் தான் ஏற்கவேண்டிய பொறுப்பு வேறு. பின்னதற்கு உரியது பொதுப் பொறுப்பு இன்ஷூரன்ஸ். முகாம் நடத்துபவருக்குக் கூடாரங்களைவிட இதுவே உயிர்நாடி என்பது நம் கருத்து. கூடாரத்தின் விலைக்கு ஓர் எல்லை உண்டு. நடக்க முடியாமற்போன ஒருவருக்கு அல்லது தந்தையை இழந்த குடும்பத்துக்கு நீதிமன்றம் விதிக்கும் நஷ்டஈட்டுக்கு முன்கூட்டியே எல்லை கட்ட முடியாது. 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடியை அடுத்த முகாம் ஒன்றில் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். ஸ்பெயின் நாட்டில் பியஸ்காஸ் என்னும் மலையூரில் 1996 ஆகஸ்ட் 7-ஆம் தேதி பெய்த பெருமழையில், ஓடை வண்டல் படிந்த விசிறி நிலத்தில் அமைந்திருந்த முகாம் அடித்துச்செல்லப்பட்டு 87 பேர் மாண்டனர். முகாமுக்கு இடம் தேர்ந்தெடுப்பதிலேயே பொறுப்பின் பெரும்பகுதி அடங்கிக் கிடக்கின்றது.

பொதுப் பொறுப்புப் பாலிசியை வாங்குமுன் சில வாசகங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். இயற்கைச் சீற்றத்தால் நேரும் விபத்துகள் அடிப்படைப் பாலிசியில் விலக்கப்பட்டிருக்கலாம். கூடுதல் பிரீமியம் கட்டி அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். காற்றில் முறிந்த கிளைக்கு இந்தச் சேர்க்கை இருந்தால்தான் வழி பிறக்கும். உணவு நஞ்சாதல், நீச்சல் குளம், விளையாட்டுகள் ஆகியவையும் அவ்வாறு தனியே கேட்டுப் பெற வேண்டியவையாக இருப்பதுண்டு. ஏரியில் படகு விடுவோரும், இரவில் நெருப்பு மூட்டிச் சுற்றி அமர்த்துவோரும் அதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். இன்னொன்று மிக முக்கியம். இப்பாலிசிகள் பெரும்பாலும், பாலிசி நடப்பில் இருக்கும்போது வந்த கோரிக்கைக்கே பணம் தருபவை. விபத்து இவ்வாண்டு நேர்ந்து, நோட்டீஸ் இரண்டாண்டு கழித்து வருமாயின், இடையில் பாலிசியை நிறுத்தியவர் கைவிடப்படுவார். மழைக்காலத்தில் முகாமை மூடுகிறோம், ஆகவே இன்ஷூரன்ஸையும் நிறுத்துகிறோம் என்பது சிக்கனம் ஆகாது.

உரிமம் இல்லாத முகாமுக்கு எந்தப் பாலிசியும் உறுதியான துணை அல்ல. சட்டத்தை வேண்டுமென்றே மீறியதால் எழும் பொறுப்பைக் கம்பெனிகள் ஏற்பதில்லை. 2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ரிஷிகேசப் பகுதியில் கங்கைக்கரை முகாம்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்ததை நேயர்கள் அறிந்திருக்கக்கூடும். அத்தகைய ஆணை உள்ள இடத்தில் கூடாரம் அடித்தவருக்குப் பாலிசி வெறும் காகிதம்.

‘உடைமைகளுக்கும் வாகனங்களுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று பலகை மாட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர் பலர். 1998-ஆம் ஆண்டில் தில்லியின் பெருவிடுதி ஒன்றில், ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் திருட்டுப் போயிற்று. கார் நிறுத்தச் சீட்டில், உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் என்றே அச்சிட்டிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. விடுதி தன் கவனக்குறைவுக்கு அந்த வாசகத்தைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்று 2019 நவம்பரில் தீர்ப்பாயிற்று. காரவான் திடல் நடத்துவோர் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும். விருந்தினர் தாமே வண்டியை நிறுத்திச் சாவியையும் தாமே வைத்துக்கொள்வது ஒன்று. ஊழியர் சாவியை வாங்கி நகர்த்தி நிறுத்துவது முற்றிலும் வேறு. இரண்டாவது வகையில் வண்டி நம் காவலுக்கு வந்துவிடுகின்றது. அதற்குரிய காப்பு பாலிசியில் உண்டா என்று கேட்டறிந்த பின்னரே ஊழியரைச் சாவி வாங்க அனுமதிக்கலாம்.

வேலையாட்கள் விருந்தினர் அல்லர். அவர்களுக்கு நேரும் காயம் பொதுப் பொறுப்புப் பாலிசியில் அடங்காது. வேலையின்போது காயமுற்றவருக்கு நஷ்டஈடு தரும் கடமை 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து முதலாளிகள்மேல் இருந்து வருகின்றது. சமையற்காரரும், சனி ஞாயிறுகளில் மட்டும் கூடாரம் அடிக்க வரும் கிராமத்துப் பையன்களும் இதில் அடங்குவர் என்றெண்ணித் தனிப் பாலிசி எடுத்தலே நலம்.

சாலை அடைபட்டு விருந்தினரே வராமற்போனால் என்ன செய்வது என்ற கேள்வி இமயமலைப் பகுதியில் இயல்பாக எழும். 2023 ஜூலை வெள்ளத்தில் குலு, மணாலிச் சாலைகள் சிதைந்ததை அங்குள்ளோர் மறந்திருக்கமாட்டார்கள். இலாப இழப்புக்குப் பாலிசி உண்டெனினும், நம் சொத்துக்கே சேதம் நேர்ந்து அதனால் தொழில் நின்றால்தான் அது சாதாரணமாகப் பலிக்கும். முகாம் பத்திரமாக இருந்து, பத்து மைல் தொலைவில் பாலம் உடைந்ததற்குப் பணம் கேட்க இயலாது.

விபத்து நேர்ந்துவிட்டால், காயமுற்றவரை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வது முதல் வேலை. அதற்கு எந்தக் கம்பெனியின் அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால் பதற்றத்தில், ‘தவறு எங்களுடையதே, முழுச் செலவையும் தருகிறோம்’ என்று எழுதிக் கொடுத்துவிடக்கூடாது. கம்பெனியின் சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்வது பாலிசி நிபந்தனையை மீறுவதாகும். நம் அன்பர் அன்றிரவு அவ்வாறு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அவருடைய நல்ல மனமே வழக்கில் அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. கம்பெனிக்கு உடனே எழுத்துமூலம் அறிவித்து, சர்வேயர் வந்து பார்க்கும்வரை கிழிந்த துணியையும் முறிந்த கிளையையும் அப்புறப்படுத்தாமல் படம் எடுத்து வைக்க வேண்டும்.

கம்பெனி மறுத்தால் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் முறையிடலாம். தனிநபர் தொழில்களுக்கும் குறுந்தொழில்களுக்கும் அந்த வாயில் திறந்தே இருக்கின்றது. முதலில் கம்பெனிக்கு எழுதி முறையிட்டிருக்க வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. மும்பையிலும் பூனாவிலும் இதற்கு அலுவலகங்கள் உண்டு.

அன்பர் தொழிலை விட்டுவிடவில்லை. மாமரத்தை வெட்ட நில உரிமையாளர் சம்மதியாததால், கூடாரங்களை அதனிடமிருந்து தள்ளி அடித்திருக்கின்றார். இவ்வாண்டு விண்ணப்பத்தைத் தம் கையாலேயே நிரப்பினார். கான்வாஸ் கூடாரம் 12, கச்சா, சமையற்கூடம் 1, தகரக் கூரை, படகு இல்லை, இரவில் நெருப்பு மூட்டுவது உண்டு, மாமரம் ஒன்று, கூடாரங்களுக்குக் கிழக்கே 60 அடியில். மரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்றாராம் ஏஜெண்ட். இருக்கட்டும், எழுதும் என்றாராம் அன்பர்.