தள்ளிவிட்டால் சுற்றும் ஃபேன்

சுவிட்சைப் போட்டால் ‘ம்ம்ம்’ என்ற உறுமல் மட்டும் வருகிறது, இறக்கை அசையவில்லை. குச்சியால் தள்ளிவிட்டால் சுற்றுகிறது, அதுவும் எந்தப் பக்கம் தள்ளினோமோ அந்தப் பக்கமாக! எலக்ட்ரீசியன் ஏணியில் ஏறும் முன்பே சொல்லிவிடுவார்: “கண்டன்சர் போயிருக்கும்.”

பாடப்புத்தகத்தில் அதன் பெயர் மின்தேக்கி. இரண்டு உலோகத் தகடுகள், நடுவே மின்சாரம் கடக்காத ஒரு படலம், அவ்வளவுதான். எதிரெதிர் மின்னூட்டங்கள் படலத்தின் இருபுறமும் ஒன்றையொன்று இழுத்தபடி தேங்கி நிற்கும். 1746இல் லெய்டன் நகரில் மூசன்புரூக் என்ற விஞ்ஞானி தண்ணீர்க் குடுவையில் இதைச் செய்துபார்த்து, கடும் அதிர்ச்சி வாங்கினார். அதே ஆண்டில் பிரெஞ்சு மன்னர் முன்னிலையில் நொல்லே என்ற பாதிரியார் 180 காவலர்களைக் கைகோத்து நிற்கவைத்து, ஒரே குடுவையால் அத்தனை பேரையும் துள்ள வைத்தார். மன்னருக்கு வேடிக்கை; காவலர்களுக்கு எப்படி இருந்ததோ!

வீட்டுக்கு வரும் சிங்கிள் ஃபேஸ் மின்சாரம் மோட்டாரின் காந்தப்புலத்தை முன்னும் பின்னும் ஆட்டும், சுழற்றாது. இரண்டாவது காயிலுக்குப் போகும் வழியில் கண்டன்சரை வைத்தால், அங்கே மின்னோட்டம் சற்று முந்திக்கொள்ளும். அந்த முந்தல்தான் இறக்கையைக் கிளப்புகிறது.

பல சீலிங் ஃபேன்களில் இருப்பது 2.5 மைக்ரோ ஃபாரட். உள்ளே உலோகம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் சுருள். எங்காவது ஓட்டை விழுந்தால் சுற்றியுள்ள பூச்சு ஆவியாகி, பழுதைத் தானே விலக்கிவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் தகட்டின் பரப்பு கொஞ்சம் குறையும். பழைய ஃபேன் ஆண்டுக்காண்டு மந்தமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாம் இந்த ரகமல்ல. பவர் சப்ளைகளில் நிற்கும் உருளை எலக்ட்ரோலிட்டிக் வகை. பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டினால் வெடிக்கலாம். தலை உப்பியிருந்தால் மீட்டரே வேண்டாம், மாற்றிவிடலாம். பொட்டு அளவுள்ள செராமிக்கில் 104 என்றிருந்தால் 0.1 மைக்ரோ ஃபாரட்.

சோதிக்கும் முன் மெயினை அணைத்து, கண்டன்சரின் இரு ஒயர்களையும் ஒரு குண்டு பல்பின் வழியே இணைத்து மிச்ச மின்னூட்டத்தை வடிக்க வேண்டும். பிறகு கழற்றி, மல்டிமீட்டரை கெப்பாசிட்டன்ஸ் அளவில் வைத்துப் பார்க்கலாம். 2.5 என்று அச்சிட்டதில் ஐந்து சதவீத ஏற்றத்தாழ்வு சகஜம். 1.6 காட்டினால் அதன் காலம் முடிந்தது. புதியதிலும் பழையதில் அச்சிட்ட அதே எண் இருக்கட்டும். வேகம் கூடுமென்று பெரிதாகப் போட்டால் காயில் சூடேறும்.