ஆங்கில வகுப்பறையும் மாணவர் வலைப்பதிவும்

இலங்கைப் பாடசாலைகளில் தரம் 3 முதல் தரம் 11 வரை ஒன்பது ஆண்டுகள் நாம் ஆங்கிலத்தை முறையாகப் படிக்கின்றோம். உயர்தரத்திலும் பொது ஆங்கிலம் என்றொரு பாடம் உண்டு. ஆயினும் மாத்தளை பஸ் நிலையத்தில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் அலுவிகாரைக்கு வழி கேட்டால், நம்மில் பலர் தோழியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி விடுகின்றோம். இத்தனை ஆண்டுகள் படித்தும் ஏன் இந்த நிலை?

பொது ஆங்கிலத்தின் புள்ளிகள் பல்கலைக்கழக அனுமதிக்கான இஸட் புள்ளியில் சேர்வதில்லை. அதனால் அப்பாடவேளையில் வேறு பாடத்தின் குறிப்பை எழுதுவோர் அநேகர். ஆனால் பல்கலைக்கழகத்தின் வாசலைத் தாண்டியதும் கதை மாறிவிடுகின்றது. மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் ஆகிய துறைகளில் விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. கலைப்பிரிவு மாணவிக்கும் உசாத்துணை நூல்களில் பல ஆங்கிலத்திலேயே கிடைக்கின்றன. சிங்களப் பேச்சுவழக்கில் ஆங்கிலத்தை 'கடுவ', அதாவது வாள் என்பார்கள். அந்த வாளைப் பிடிக்கத் தெரியாதவர் அதனாலேயே வெட்டுப்படுவார் என்ற வேதனை அச்சொல்லில் இருக்கின்றது.

நமது பயிற்சிக் கொப்பியை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். அதில் நாம் எழுதும் கட்டுரையை ஆசிரியை ஒருவரே வாசிக்கின்றார். அவருக்கு நம் கருத்து புதிதல்ல. பிழையைத் திருத்திப் புள்ளியிடுவதே அவரது வேலை. நாமும் புள்ளியைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடி விடுகின்றோம். ஆனால் இது போன்ற கல்லூரிச் சஞ்சிகைக்குத் தமிழில் ஓர் ஆக்கம் எழுதும்போது, ஒரு வசனத்தை மூன்று தடவை மாற்றுகின்றோம். காரணம், அதை யாரோ வாசிக்கப் போகின்றார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் நமக்குக் கிடைக்காமற் போனது அந்த வாசகர்தான். மாணவர் வலைப்பதிவு தரக்கூடிய பெரிய நன்மையும் அதுவே.

2020 மார்ச் மாதத்தில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இணையம் நம் வீடுகளுக்குள் வகுப்பறையாக வந்தது. சூம் வகுப்பும் வட்ஸ்அப் குழுவும் பழகிப்போயின. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் மும்மொழிகளிலும் பாடங்கள் இருக்கின்றன. பிபிசி, பிரிட்டிஷ் கவுன்சில் ஆகியவையும் ஆங்கிலம் கற்பதற்கென்றே இலவசப் பாடங்களை வழங்குகின்றன. உச்சரிப்பை ஒலியாகத் தரும் அகராதிகளும் உண்டு. இவை யாவும் பயனுள்ளவை. எனினும் இவற்றில் நாம் பெரும்பாலும் பெறுபவர்களாகவே இருக்கின்றோம். கரும்பலகையில் இருந்த குறிப்பு கையடக்கத் தொலைபேசியின் திரைக்கு மாறினால் மட்டும் மொழி வாயில் வந்துவிடாது. பெறுவதோடு படைக்கவும் இடந்தரும் கருவிகள் வேண்டும்.

வலைப்பதிவு அத்தகையது. எழுதுவதை இணையத்தில் திகதி வாரியாக வெளியிட்டு, வாசிப்போர் கருத்துரை இடவும் வழி செய்வதே வலைப்பதிவு. 1997 இல் 'வெப்லொக்' என்ற பெயர் பிறந்தது. அது சுருங்கி 'புளொக்' ஆயிற்று. 1999 இல் தொடங்கப்பட்டு 2003 இல் கூகுள் வசமான 'புளொக்கர்' போன்ற இலவசச் சேவைகளால், கணினி நிரல் தெரியாதவரும் சில நிமிடங்களில் ஒரு பக்கத்தைத் திறக்க முடிகின்றது.

கருவி புதிதானாலும் எண்ணம் பழையது. முதலாம் உலகப் போரில் நுரையீரலில் காயமுற்ற செலஸ்தான் ஃப்ரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியரால் வகுப்பில் நெடுநேரம் உரத்துப் பேச இயலவில்லை. அவர் 1924 இல் தம் கிராமப் பாடசாலைக்கு ஒரு சிறிய அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதி, தாமே எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். அந்தத் தாள்கள் நாட்டின் மறுகோடியில் இருந்த இன்னொரு பாடசாலைக்குச் சென்றன. அங்கிருந்தும் தாள்கள் வந்தன. நமது கல்லூரிகளின் சுவர்ப் பத்திரிகையும் கையெழுத்துச் சஞ்சிகையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்.

அண்மைக்கால உதாரணம் ஸ்கொட்லாந்தில் இருக்கின்றது. 2012 ஏப்ரலில் மார்த்தா பெய்ன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி, எழுத்துப் பயிற்சியாகத் தன் பாடசாலை மதிய உணவைப் பற்றித் தந்தையின் உதவியோடு வலைப்பதிவு எழுதத் தொடங்கினாள். பிற நாட்டுப் பிள்ளைகளும் தங்கள் உணவைப் பற்றி அவளுக்கு எழுதினார்கள். ஜூன் மாதத்தில் உள்ளூராட்சிச் சபை படமெடுக்கத் தடை விதித்தது. எதிர்ப்பு எழவே மறுநாளே அத்தடை நீங்கியது. வறிய நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் அமைப்பொன்றுக்காக அவளது பதிவின் மூலம் ஓர் இலட்சம் பவுணுக்கு மேல் சேர்ந்தது. இத்தனைக்கும் அவள் எழுதியவை சின்னஞ்சிறு வசனங்களே.

இதனை நம் வகுப்பில் எவ்வாறு செய்யலாம்? ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு வாரத்திற்கு ஒரு பதிவு போதும். முதலில் தாளில் எழுத வேண்டும். அடுத்து, குழுவுக்குள் ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்துப் புரியாத இடங்களைக் குறிக்க வேண்டும். அதன் பின்னரே ஆசிரியையிடம் கொடுக்க வேண்டும். இதனால் நாற்பது கொப்பிகளுக்குப் பதிலாக எட்டுப் பதிவுகளையே அவர் திருத்துவார். 'டிஸ்கஸ்' என்ற சொல்லை அடுத்து 'எபௌட்' வராது என்பதைச் சிவப்பு மையில் பார்த்தால் மறந்து விடுவோம். நாம் வெளியிடப் போகும் பக்கத்திற்காகத் திருத்தினால் மறக்க மாட்டோம்.

எழுத விடயத்திற்கும் பஞ்சமில்லை. வாய்மொழியாக வந்த பௌத்த நூல்கள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஓலையில் எழுதப்பட்ட இடம் அலுவிகாரை. அது நம் நகருக்கு அருகிலேயே இருக்கின்றது. வீட்டு முற்றத்தில் மிளகு காயவைக்கும் விதம், கறுவாப்பட்டை உரிக்கும் விதம், நோன்புக் கஞ்சி காய்ச்சும் விதம் எல்லாம் நமக்குச் சாதாரணம், வெளியூராருக்குப் புதுமை.

ஆனால் வாசகரைத் தேடி வெளிநாடு போகத் தேவையில்லை என்பதே என் எண்ணம். ஃப்ரெனேயின் பிள்ளைகள் இன்னொரு பாடசாலைக்கு எழுதியது போல, நாமும் மாத்தளையிலுள்ள ஒரு சிங்கள மொழிமூலப் பாடசாலைக்கு எழுதலாம். அவர்களும் நம்மைப் போலவே ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறிப் படிப்பவர்கள். ஒரே வீதியில் நடந்து, ஒரே பஸ்ஸில் ஏறினாலும் நாம் என்ன நினைக்கின்றோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் நினைப்பது நமக்குத் தெரியாது. 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பு ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று குறிப்பிட்டது. நோன்பைப் பற்றி நாம் எழுதுவதை அவர்களும், வெசாக் கூடு கட்டுவதைப் பற்றி அவர்கள் எழுதுவதை நாமும் வாசிக்கும்போதுதான் அது உண்மையில் இணைக்கும் மொழியாகும்.

தடைகள் இல்லாமலில்லை. கொரோனாக் காலத்தில் சிக்னல் தேடி மரத்திலும் மலைப்பாறையிலும் ஏறிய பிள்ளைகளின் படங்களை நாடே பார்த்தது. பல வீடுகளில் இருப்பது ஒரே தொலைபேசி. அதுவும் வாப்பா வேலையால் வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். ஆகவே தாளில் எழுதியதைக் கல்லூரிக் கணினி அறையில் வாரம் ஒரு பாடவேளையில் தட்டச்சு செய்வதே நியாயமான வழி. குழுவுக்கு ஒரு கணினி போதும்.

பெண்பிள்ளைகள் இணையத்தில் எழுதுவதைப் பற்றிப் பெற்றோர் அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. அதற்காக எழுத்தையே நிறுத்த வேண்டியதில்லை. 2009 இல் மலாலா பிபிசியின் உருது இணையத்தளத்தில் குல் மகாய் என்ற புனைபெயரிலேயே எழுதினார். நாமும் படமும் முழுப்பெயரும் இன்றிப் புனைபெயரில் எழுதலாம். அழைக்கப்பட்டவர் மட்டும் வாசிக்கும்படியும், ஆசிரியை அனுமதித்த கருத்துரைகள் மட்டும் வெளிவரும்படியும் வலைப்பதிவை அமைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு தடை நம் கையிலேயே இருக்கின்றது. 2022 இன் இறுதியில் சட்ஜிபிடி வந்த பின் பிழையற்ற ஆங்கிலக் கட்டுரையை நொடியில் பெறலாம். ஆனால் அதில் நம் வீட்டு முற்றம் இருக்காது. முதலில் நாம் எழுதி, 'இந்த வசனம் ஏன் பிழை?' என்று பிறகு அதனிடம் கேட்டால் அது நமக்கு உதவியாளர். முதலிலேயே எழுதித் தரச் சொன்னால், அடுத்த பாடசாலையின் தோழி வாசிப்பது நம்மை அல்ல.

தோழியரே, தொடங்குவதற்குப் பெரிய ஆங்கிலம் வேண்டாம். எங்கள் ஊர் எது, இன்று வீட்டில் என்ன சமைத்தார்கள், நான் எதற்குச் சிரித்தேன் என்று ஐந்து வசனங்கள் போதும். அவற்றுக்கு ஒருத்தி பதில் எழுதிவிட்டால், ஆறாவது வசனத்தை எழுத நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.