புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா? கேமரன் மலையில் கடல் மீன் வளர்ப்போர் கவனத்திற்கு

கேமரன் மலை – பிள்ளைகள் ‘டோரி’ என்று அழைக்கும் நீல டாங் மீனைக் கீழே ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ வாங்கி, பிளாஸ்டிக் பையில் மலைக்குக் கொண்டு வருகிறார்கள். பையைத் திறந்து நேராக வீட்டுத் தொட்டியில் விடுகிறார்கள். மூன்றாம் நாள், உப்புத் தூவியதுபோல் அதன் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். யாரோ பூண்டுச் சாறு கொடுக்கச் சொல்கிறார்கள். ஒரு வாரத்திற்குள் புள்ளிகள் மறைந்துவிடுகின்றன. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதிதான் ஆபத்து. இரண்டாவது வாரத்தில் புதிய மீனுக்கு மட்டுமல்ல, பல வருடங்களாக வளர்ந்த கோமாளி மீனுக்கும் உடம்பெல்லாம் புள்ளி. செவுள் படபடக்க, மீன்கள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. கடல் மீன் வளர்ப்பவர்கள் பலர் இந்த இழப்பைச் சந்தித்திருப்பார்கள். இதைத் தவிர்க்க வழி உண்டு. அதற்குப் பெயர் தனிமைத் தொட்டி.

புள்ளி ஏன் மறைகிறது?

இந்த நோய்க்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. ஜப்பானில் 1930களில் விவரிக்கப்பட்ட இதற்கு 1951இல் ‘கிரிப்டோகேரியான் இரிட்டான்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அலங்கார மீன்களை மட்டும் இது தாக்குவதில்லை. தென்கிழக்கு ஆசியாவில் கூண்டுகளில் வளர்க்கப்படும் சியாக்காப், கெராப்பு மீன்களுக்கும் இது பழைய எதிரி.

இதன் வாழ்க்கை மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதல் கட்டத்தில் மீனின் தோலுக்கும் செவுளுக்கும் உள்ளே புகுந்து, மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று வளரும். நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி இதுதான். தோலுக்கு அடியில் இருப்பதால் தண்ணீரில் ஊற்றும் மருந்து அதைத் தொடாது.

இரண்டாம் கட்டத்தில் அது மீனை விட்டு இறங்கி மணலிலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். மீன் உடம்பில் புள்ளி மறைவது அப்போதுதான். பூண்டு வேலை செய்ததால் அது மறையவில்லை. பூண்டு சில மீன்களுக்குச் சாப்பிடும் ஆசையைத் தூண்டலாம்; ஒட்டுண்ணியைக் கொல்லும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கூட்டுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியையும் மருந்து தொடாது.

மூன்றாம் கட்டத்தில் ஒவ்வொரு கூட்டிலிருந்தும் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் வெளியேறி நீந்தும். ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை சாகும். மருந்து கொல்வது இந்தக் கட்டத்தை மட்டுமே. ஆகவே புள்ளி மறைந்த நாளில் மருந்தை நிறுத்துவது, எதிரி தண்ணீரில் இறங்கும் முன்பே காவலை எடுத்துவிடுவது போலாகும்.

எல்லா வெள்ளையும் ஒன்றல்ல

மருந்து வாங்கும் முன் நோயைச் சரியாக அடையாளம் காண வேண்டும். உப்புக் கல் அளவில் தனித்தனிப் புள்ளியாக இருந்தால் பெரும்பாலும் மேலே சொன்ன நோய். மாவு தூவியது போல மிக நுண்ணிய, பொன்னிறம் கலந்த தூசியாகத் தெரிந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கினால் அது ‘வெல்வெட்’ நோயாக இருக்கலாம். அது இரண்டு மூன்று நாளிலேயே கொன்றுவிடும், காத்திருக்க நேரமில்லை.

கோமாளி மீனின் உடம்பில் சளி போன்ற படலம் உரிந்து தொங்கினால் அது வேறு ஒட்டுண்ணி. அதற்குச் செம்பு மருந்து உதவாது. துடுப்பில் காலிஃபிளவர் போலக் கட்டிகள் இருந்தால் அது வைரஸ் நோய். நல்ல தண்ணீரும் நல்ல தீனியும் கிடைத்தால் பெரும்பாலும் தானே சரியாகும்.

பெரிய தொட்டியில் மருந்து ஏன் கூடாது?

செம்பு, இறால், நத்தை, பவளம், கடல் சாமந்தி போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு விஷம். மேலும் மணலும் பாறையும் செம்பை உறிஞ்சிக்கொள்ளும். இன்று ஊற்றிய அளவு நாளை தண்ணீரில் இருக்காது. உறிஞ்சியது பிறகு எப்போது கசியும் என்றும் சொல்ல முடியாது. எனவே மருந்து பெரிய தொட்டிக்குப் போகக்கூடாது. மீன்தான் மருந்து இருக்கும் தொட்டிக்கு வர வேண்டும்.

மலைக்கு ஏற்ற தனிமைத் தொட்டி

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட சாதாரணக் கண்ணாடித் தொட்டி போதும்; அதில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். மணலும் பாறையும் வேண்டாம். மீன் ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள் இரண்டு, காற்று பம்ப், ஸ்பஞ்ச் ஃபில்டர், மூடி, வெப்பமானி, ஹீட்டர் ஆகியவை போதும்.

ஹீட்டர் என்பது கேமரன் மலையில் கட்டாயம். கீழே வெயில் நகரங்களில் கடல் மீன் வளர்ப்பவர்கள் தண்ணீரைக் குளிர்விக்கச் சில்லர் வாங்குகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கும் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் கதை தலைகீழ். இரவில் வெளியே 15, 16 டிகிரி வரை இறங்கும். பவளப்பாறை மீனுக்குத் தேவை 25 முதல் 27 டிகிரி செல்சியஸ். சிறிய தொட்டி சீக்கிரம் குளிரும். பகலில் 24, விடியற்காலையில் 19 என்று ஏறி இறங்கினால் நோயாளி மீன் மேலும் தளரும். 50 லிட்டருக்கு 100 வாட் ஹீட்டர் பொருத்தமானது. காய்கறி அனுப்பும் வெள்ளை நுரைப் பெட்டியின் பலகைகளை வெட்டி மூன்று பக்கமும் அடியிலும் வைத்தால் சூடு நிற்கும்.

ஸ்பஞ்ச் ஃபில்டரை முன்கூட்டியே சில வாரங்கள் பெரிய தொட்டியில் போட்டு வைப்பது நல்லது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா அதில் வளர்ந்திருக்கும். ஆனால் பெரிய தொட்டியில் நோய் வந்துவிட்ட பிறகு அங்கிருந்து ஸ்பஞ்ச் எடுக்கக் கூடாது. ஒட்டுண்ணிக் கூடும் அதோடு வந்துவிடும். அப்போது புதிய ஸ்பஞ்ச் வைத்து, தினமும் அமோனியா சோதித்து, தேவைக்கேற்பத் தண்ணீர் மாற்ற வேண்டும். தனிமைத் தொட்டியில் சாகும் மீன்களில் பல நோயால் சாவதில்லை, அமோனியாவால்தான் சாகின்றன.

மாற்றும் தண்ணீரைக் கடல் உப்புக் கலவையில் தயாரிக்க வேண்டும். சமையல் உப்பு ஆகாது. லிட்டருக்கு சுமார் 36 கிராம் வீதம் கலந்து, உப்புச்செறிவு 1.025 அருகே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் நீரில் குளோரின் நீக்க வேண்டும். காய்கறித் தோட்டங்களைக் கடந்து வரும் ஓடை நீரில் உரமும் பூச்சிமருந்தும் கலந்திருக்கும், அது வேண்டாம். குளியலறை வாட்டர் ஹீட்டரின் வெந்நீரிலும் செம்பு கலந்திருக்கலாம். புதிய தண்ணீரை வாளியிலேயே ஹீட்டர் போட்டுச் சமமான சூட்டுக்குக் கொண்டு வந்த பிறகே ஊற்ற வேண்டும்.

இரண்டு வழிகள்

முதல் வழி, செம்பு. மீன் கடையில் விற்கும் மருந்தின் வகையை முதலில் பார்க்க வேண்டும். செம்புச் சல்பேட் வகையில் லிட்டருக்கு 0.20 மில்லிகிராம் அளவே போதும். ‘கிலேட்டட்’ எனும் வகைக்கு அளவு பல மடங்கு அதிகம். லேபிளில் உள்ளதையே பின்பற்ற வேண்டும். ஒன்றின் கணக்கை மற்றதற்குப் போட்டால் மீன் சாகும், அல்லது ஒட்டுண்ணி பிழைக்கும். இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றி, செம்புச் சோதனைப் பெட்டியால் தினமும் அளந்து, குறைந்தது மூன்று வாரம் அளவு இறங்காமல் வைத்திருக்க வேண்டும். பலர் 30 நாள் வைக்கிறார்கள். ஒரு நாள் இறங்கினாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்துதான். தண்ணீர் மாற்றும்போது, ஊற்றும் தண்ணீருக்கும் அதே அளவு செம்பு சேர்க்க வேண்டும். அமோனியாவைக் கட்டும் திரவங்களைச் செம்போடு சேர்த்து ஊற்றக்கூடாது. செம்பின் நச்சு திடீரென ஏறும்.

இரண்டாவது வழியில் மருந்தே இல்லை. மீனை விட்டு இறங்கிய ஒட்டுண்ணி, குஞ்சுகளை வெளியேற்றக் குறைந்தது மூன்று நாள் எடுக்கும். அதற்குள் மீனை வேறு சுத்தமான தொட்டிக்கு மாற்றிவிட்டால், கூடுகள் பழைய தொட்டியிலேயே நின்றுவிடும். 1ஆம், 4ஆம், 7ஆம், 10ஆம், 13ஆம் நாட்களில் மீனை மாற்ற வேண்டும். 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. பழைய தண்ணீர் துளியும் கூடவே போகக்கூடாது. பயன்படுத்திய தொட்டி, குழாய், வலை எல்லாவற்றையும் கழுவி நன்றாகக் காய வைக்க வேண்டும். மழையும் பனிமூட்டமும் உள்ள மலையில் பொருள்கள் லேசில் காயாது. அதனால் இரண்டு ஜோடிப் பொருள்கள் வைத்துக்கொள்வது நல்லது. 40 லிட்டர் தொட்டியென்றால் ஐந்து முறைக்கும் சேர்த்து சுமார் 7 கிலோ உப்பு தேவைப்படும். வெள்ளைப் புள்ளி நோய்க்கு இது நல்ல வழி. வெல்வெட் நோய்க்கு இதை நம்பக்கூடாது.

தோட்டத்துச் செம்பு வேண்டாம்

தேயிலையின் கொப்புள நோய்க்குச் செம்புக் கலவை தெளிப்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பழைய வழக்கம். காய்கறித் தோட்டங்களிலும் செம்புப் பூசணக் கொல்லிகள் உண்டு. ‘இதுவும் செம்புதானே’ என்று அதில் ஒரு சிட்டிகை மீன் தொட்டியில் போடக் கூடாது. இலையில் ஒட்டிக்கொள்ளும்படி செய்த தூள் அது; தண்ணீரில் எவ்வளவு கரையும் என்று கணக்கிட முடியாது. 50 லிட்டரில் தேவைப்படும் செம்பு மொத்தமே 10 மில்லிகிராம்தான். மருந்தடித்துவிட்டு வந்தவர்கள் சோப்புப் போட்டுக் குளித்து, உடை மாற்றிய பிறகே தொட்டியில் கை வைக்க வேண்டும். சிகிச்சை முடிந்த செம்புத் தண்ணீரை ஆற்றிலோ ஓடையிலோ கொட்டவும் கூடாது.

பெரிய தொட்டிக்கும் விடுமுறை

ஒரு மீனுக்குப் புள்ளி வந்தாலும் எல்லா மீன்களையும் வெளியே எடுக்க வேண்டும். மீனே இல்லாத தொட்டியில் ஒட்டுண்ணி பட்டினியால் அழியும். ஆனால் சில கூடுகள் 72 நாள் வரை உயிரோடு இருந்ததாக ஆய்வில் பதிவாகியுள்ளது. அதனால் 76 நாள் காத்திருப்பது வளர்ப்பவர்களிடையே வழக்கமாகிவிட்டது. அந்த நாட்களில் ஹீட்டரை நிறுத்தி மின்கட்டணம் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. தண்ணீர் குளிர்ந்தால் ஒட்டுண்ணியின் வளர்ச்சி மந்தமாகி, காத்திருப்பும் நீளும். 26, 27 டிகிரியிலேயே வைத்திருக்க வேண்டும்.

வரும் முன் தனிமை

தனிமைப்படுத்தல் நம் மக்களுக்குப் புதிய சொல் அல்ல. கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர், தோட்டத்திற்குப் போகும் முன் பினாங்கின் ஜெரெஜாக் தீவில் தங்க வைக்கப்பட்டார்கள். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது இன்றைய தலைமுறையும் அதை அனுபவித்தது. நோய் வெளியே தெரியாத நாட்களில்தான் அது பரவுகிறது என்ற பாடம் மீனுக்கும் பொருந்தும்.

புதிதாக வாங்கும் ஒவ்வொரு மீனையும், அது எவ்வளவு ஆரோக்கியமாகத் தெரிந்தாலும், குறைந்தது நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். அங்கே நன்றாகச் சாப்பிடப் பழகிய மீன் பெரிய தொட்டியிலும் பிழைக்கும். தனிமைத் தொட்டிக்குத் தனி வலை, தனி வாளி வைத்துக்கொள்ளுங்கள். நாள்காட்டியில் தொடங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். மீன் குணமாகிவிட்டதா என்பதை, கண்ணுக்குத் தெரியும் புள்ளியைக் கொண்டு அல்ல, அந்தத் தேதியிலிருந்து எண்ணிய நாட்களைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.