அகதிக்கு வாசல் திறக்கலாமா? – கனடா நாட்டின் அனுபவம்

போர் என்றதும் நம் மனக்கண்முன் முதலில் தோன்றுபவர்கள் படைவீரர்கள். ஆனால் போரினால் வீடிழந்து, ஊரிழந்து, கையில் ஒரு மூட்டையுடன் நடப்பவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. அவர்கள் படை திரட்டியதில்லை, எல்லைக்காகச் சண்டையிட்டதுமில்லை. எனினும் போரின் விலையை அவர்களே கொடுக்கின்றனர்.

இத்தகையோரில் இன்னும் அதிகமானவர்களைச் செல்வம் மிக்க நாடுகள் ஏற்றுக்கொள்ள வேண்டுமா? இரக்கமுள்ள நெஞ்சம் உடனே "ஆம்" என்கிறது. கணக்குப் பார்க்கும் அறிவோ, "எத்தனை பேரை? யார் செலவில்? எந்த வீட்டில்?" என்று வினவுகிறது. இந்த இரண்டு குரல்களுமே மதிக்கத்தக்கவை. ஆகவே வெறும் உணர்ச்சியால் விடை காணாமல், இக்கேள்வியை மூன்று தலைமுறைகளாகச் சந்தித்து வந்துள்ள ஒரு நாட்டின் வரலாற்றைப் பார்ப்போம். அந்நாடு கனடா.

அகதி என்பவர் யார்?

1951ஆம் ஆண்டு ஜெனீவா நகரில் உருவான அகதிகள் ஒப்பந்தம் இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. இனம், மதம், நாட்டினம், ஒரு சமூகப் பிரிவைச் சார்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகியவற்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்னும் நியாயமான அச்சத்தால் தாய்நாட்டுக்கு வெளியே இருப்பவரே அகதி. அவரை ஆபத்துள்ள இடத்துக்கே திருப்பி அனுப்பக் கூடாது என்பது இவ்வொப்பந்தத்தின் உயிர்நாடி. கனடா 1969இல் இதில் சேர்ந்தது.

ஆனால் இந்த ஒப்பந்தம், தொலைவிலுள்ள ஒரு முகாமிலிருந்து இத்தனை பேரை அழைத்து வந்து குடியேற்ற வேண்டும் என்று எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தவில்லை. அது அந்தந்த நாட்டின் மனத்தைப் பொறுத்தது. உலகிலுள்ள அகதிகளில் ஓர் ஆண்டில் இவ்வாறு மூன்றாவது நாடு ஒன்றில் குடியேற்றப்படுவோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நம் கேள்வி பிறப்பது இங்கேதான்.

மூடப்பட்ட கதவு

1939ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து "செயின்ட் லூயிஸ்" என்னும் கப்பல் புறப்பட்டது. அதில் 937 பயணிகள் இருந்தனர். அவர்களில் ஏறக்குறைய அனைவரும் நாஜிகளுக்கு அஞ்சி வெளியேறிய யூதர்கள். கியூபா 28 பேரை மட்டும் இறங்க விட்டது. அமெரிக்கா இடம் தரவில்லை. கனடாவும் கதவைத் திறக்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகள் அவர்களைப் பகிர்ந்து ஏற்றன. ஆனால் அடுத்த ஆண்டே ஹிட்லரின் படைகள் அவற்றுள் மூன்று நாடுகளைக் கைப்பற்றின. அக்கப்பலில் வந்தோரில் 254 பேர் பின்னர் நாஜிகளின் கொடுமையில் உயிரிழந்தனர்.

அக்காலத்தில் கனடாவில் பொருளாதார மந்தம் இருந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் இருந்தது. யூத வெறுப்பும் இருந்தது. முதலிரண்டு காரணங்களைச் சொல்லி மூன்றாவதை மறைப்பது எளிதாயிற்று. நாஜி ஆட்சி நடந்த 12 ஆண்டுகளில் கனடா ஏற்றுக்கொண்ட யூத அகதிகள் ஐயாயிரம் பேருக்கும் குறைவே. 2018 நவம்பரில் கனடாவின் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ இதற்காக நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். மன்னிப்பு நல்லதுதான். ஆயினும் அது 79 ஆண்டுகள் பிந்தி வந்தது. மாண்டவர்களை அது மீட்டுத் தராது.

1979இல் நடந்தது

1975 ஏப்ரலில் சைகோன் நகரம் வீழ்ந்து வியட்நாம் போர் முடிவுற்றது. அதன்பின் லட்சக்கணக்கானோர் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளைவிட்டு வெளியேறினர். பலர் ஓட்டைப் படகுகளில் கடலில் இறங்கினர். எண்ணற்றோர் வழியிலேயே மாண்டனர். கரை சேர்ந்தவர்களால் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா நாடுகளின் முகாம்கள் நிரம்பி வழிந்தன. 1979இன் நடுப்பகுதியில், "இனி எங்களால் இயலாது" என்று அந்நாடுகள் கைவிரித்தன.

அவ்வேளையில் கனடாவின் தலைநகரான ஒட்டாவாவின் மேயராக இருந்தவர் மேரியன் டியூவர் என்னும் பெண்மணி. அவர் முன்னாளில் நர்ஸாகப் பணிபுரிந்தவர். நாடு முழுவதும் ஏற்பதாகச் சொன்ன 8,000 பேரில் இன்னும் 4,000 பேருக்கு இடம் ஒதுக்கப்படவில்லை என்று அவர் கேள்விப்பட்டார். அந்த 4,000 பேரையும் எங்கள் நகரமே ஏற்கும் என்று அறிவித்தார். 1979 ஜூலை 12ஆம் நாள் அவர் கூட்டிய பொதுக்கூட்டத்துக்குச் சுமார் 3,000 பேர் திரண்டு வந்தனர். நகராட்சியிடம் அதற்கெனப் பெரும்பணம் இருந்ததா? இல்லை. மக்களிடம் மனம் இருந்தது. அதை ஒன்றுசேர்க்கத் துணிந்த ஒரு தலைவி இருந்தார்.

அடுத்த சில நாள்களில் பிரதமர் ஜோ கிளார்க்கின் அரசு, 1980 முடிவுக்குள் 50,000 பேரை ஏற்பதாக அறிவித்தது. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்தவரும் ஒரு பெண்மணியே. ஃபுளோரா மக்டொனால்ட் என்பது அவர் பெயர். மக்கள் ஓர் அகதியைப் பொறுப்பேற்றால், அரசும் ஓர் அகதியைப் பொறுப்பேற்கும் என்பது திட்டம்.

எல்லோரும் இதை வரவேற்கவில்லை. எதிர்ப்பாளர்கள் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம்கூடக் கொடுத்தனர். ஆயினும் அரசு எதிர்பார்த்ததைவிட வேகமாக மக்கள் முன்வந்தனர். 1980 ஏப்ரலில் இலக்கு 60,000 ஆக உயர்ந்தது. அது நிறைவேறவும் செய்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரைப் பொறுப்பேற்றவர்கள் சாதாரணக் குடிமக்களே.

ஐவர் கூடினால் ஒரு குடும்பம்

இந்த ஏற்பாடு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிவது பயனுள்ளது. 1976இல் கனடா இயற்றிய குடிவரவுச் சட்டம், குடிமக்கள் தாமே அகதிகளை ஸ்பான்சர் செய்ய, அதாவது பொறுப்பேற்று வரவழைக்க, வழி செய்தது. ஐந்து பேர் கூடி ஒரு குழுவாகலாம். ஒரு பங்குக் கோயிலோ ஒரு சங்கமோ அப்பொறுப்பை ஏற்கலாம். மென்னோனைட் சபையினர் 1979 மார்ச் மாதத்தில் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். கத்தோலிக்க மறைமாவட்டங்களும் பிற திருச்சபைகளும் யூத அமைப்புகளும் தொடர்ந்து வந்தன.

பொறுப்பேற்போர் பொதுவாக ஓராண்டுக் காலம் அக்குடும்பத்தைத் தாங்க வேண்டும். வாடகை, உணவு, உடை ஆகியவற்றுக்கான பணம் கையிலிருப்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும். ஆனால் பணம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட முடியாது. குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பஸ் ஏறக் கற்பிக்க வேண்டும். பனிக்காலத்துக்கு எத்தகைய கோட்டு வாங்குவது என்று சொல்லித்தர வேண்டும். வேலை தேடவும் உதவ வேண்டும். வெப்ப நாட்டிலிருந்து வந்த ஒரு தாய்க்கு, அரசு அலுவலகம் கொடுக்கும் அச்சிட்ட தாளைவிட, கதவைத் தட்டி வரும் ஓர் அயல்வீட்டுப் பெண்மணியே பெரிய துணை அல்லவா? இவ்வாறு வந்தோர் முதல் ஆண்டுகளில் விரைவாக வேலை பெறுகின்றனர் என்பதைக் கனடா கண்டுள்ளது.

இம்முறையில் இதுவரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கனடாவில் வாழ்வு பெற்றுள்ளனர். 1986இல் ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பு வழங்கும் நான்சென் விருது, ஒரு தனி மனிதருக்கன்றிக் கனடா மக்கள் அனைவருக்குமாக வழங்கப்பட்டது. ஒரு நாட்டு மக்கள் முழுவதற்கும் அவ்விருது கிடைத்தது அந்த ஒருமுறைதான்.

அழையாமல் வந்தவர்கள்

முகாமிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு விமானத்தில் வருவது ஒரு வழி. தாமாகவே எல்லைக்கோ கரைக்கோ வந்து தஞ்சம் கேட்பது மற்றொரு வழி. முன்னதை ஆதரிப்போர் பலர் பின்னதைக் கண்டு அஞ்சுகின்றனர்.

விருது வழங்கப்பட்ட அதே 1986இல், ஆகஸ்டு மாதம், நியூஃபவுண்ட்லாந்துக் கரையருகே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழர்களை அவ்வூர் மீனவர்கள் மீட்டுக் கரை சேர்த்தனர். தாங்கள் இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலில் கூறினர். உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியிருந்தனர் என்பது பின்னர் தெரிய வந்தது. கனடாவில் பெரும் சர்ச்சை மூண்டது. ஆயினும் அவர்கள் திருப்பி அனுப்பப்படவில்லை. தங்கியிருக்க அனுமதி பெற்றனர். அஞ்சி ஓடுபவர் சொல்லும் ஒரு பொய்யைக் கண்டிக்கலாம். ஆனால் அந்தப் பொய்யைக் காட்டி, 1983 ஜூலைக் கலவரத்தின் உண்மையை மறுக்க முடியுமா? இதை அறியத்தான் விசாரணை வேண்டும். தஞ்சம் கேட்பவரை நேரில் கேளாமல் முடிவு செய்வது முறையன்று என்று கனடாவின் உச்சநீதிமன்றம் 1985இலேயே தீர்ப்பளித்திருந்தது.

மறுப்போர் கூறுவன

மறுப்போரின் வாதங்களையும் நேர்மையாக நோக்குவோம்.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. கனடாவின் பரப்பு இந்தியாவைப் போல மூன்று மடங்கு. மக்கள்தொகையோ சுமார் 4 கோடிதான். ஆயினும் அந்நிலத்தில் பெரும்பகுதி பனி உறைந்த வடபகுதி. மக்கள் நெருங்கி வாழும் நகரங்களில் வீடு கிடைப்பது அரிது. வாடகையும் மிக அதிகம். அங்குள்ள ஏழைத் தொழிலாளி, "எனக்கே வீடில்லையே" என்று கேட்டால் அதைக் கல்நெஞ்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. வீடு கட்டாமல் விருந்தினரை அழைப்பது அரசின் தவறு. ஆனால் வீட்டுப் பஞ்சத்தை உண்டாக்கியவர் அகதியல்லர். கனடாவுக்கு ஆண்டுதோறும் குடியேறுவோரிலும் படிக்க வருவோரிலும் அகதிகள் ஒரு சிறு பகுதியினரே.

"அவர்கள் நாட்டுக்கு அருகிலேயே உதவினால் போதாதா?" என்பது இரண்டாவது வாதம். அருகிலுள்ள நாடுகள் உதவித்தான் வருகின்றன. உலக அகதிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினரைத் தாங்குபவை ஏழை நாடுகளும் நடுத்தர வருமான நாடுகளுமே. தமிழ்நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத லெபனான், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிரிய அகதிகளுக்கு இடம் கொடுத்தது. நம் தமிழ்நாடும் 1983 முதல் இலங்கைத் தமிழருக்கு இடமளித்து வருகிறது. 2021இலும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் வாழ்ந்தனர். சிறு குடிசை பத்துப் பேருக்கு இடம் கொடுக்கும்போது, மாளிகை ஒருவரை ஏற்பதற்குத் தயங்குவது நியாயமாகுமா?

மூன்றாவது வாதம் நுட்பமானது. "மக்கள் சுமந்தால் அரசு தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும்" என்பது அது. இதிலும் உண்மை உண்டு. 1979 டிசம்பரில் மக்கள் ஆர்வம் மிகுந்ததைக் கண்ட அரசு, ஒன்றுக்கு ஒன்று என்னும் வாக்கிலிருந்து பின்வாங்கியது. பொறுப்பேற்ற பலர் மனம் நொந்தனர். மக்களின் தருமம் அரசின் கடமைக்குக் கூடுதலாக இருக்க வேண்டும், பதிலாக இருக்கலாகாது.

வந்தவர்கள் சுமையா?

ஹாங்காங் நகரம் ஜப்பானியர் கையில் வீழ்ந்தபின், 1942இல் பெற்றோருடன் அகதியாகக் கனடா வந்த ஒரு சிறுமி ஏட்ரியன் கிளார்க்சன். அவரே 1999இல் அந்நாட்டின் கவர்னர் ஜெனரல் ஆனார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஐந்து வயதில் கனடா சென்ற ராதிகா சிற்சபைஈசன் 2011இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினரானார். எல்லா அகதிகளும் இவ்வாறு புகழடைவதில்லை. பெரும்பாலோர் தொழிற்சாலையிலும் கடையிலும் மருத்துவமனையிலும் உழைத்து, வரி செலுத்தி, பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றனர். புகழ் பெறக்கூடும் என்பதற்காக அவர்களைக் காக்க வேண்டியதில்லை. மனிதர் என்பதே போதும்.

நம் முடிவு

2015இன் இறுதியில் கனடா 25,000 சிரியர்களை ஏற்பதாக உறுதி கூறி, 2016 பிப்ரவரிக்குள் அதை நிறைவேற்றியது. 2018இல் உலகிலேயே மிக அதிகமான அகதிகளைக் குடியேற்றிய நாடு அதுவே. எண்ணிக்கை சுமார் 28,000. ஆனால் 2024 நவம்பரில், ஐவர் குழுக்களின் புதிய விண்ணப்பங்களை ஏற்பதைக் கனடா அரசு நிறுத்தி வைத்தது. மக்களுக்கு மனமில்லாமற் போனதாலா? அன்று. அரசு ஒதுக்கிய இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்துவிட்டதால்! பொறுப்பேற்கக் கைகள் நீண்டிருக்க, முகாம்களில் குடும்பங்கள் காத்திருக்கின்றன.

ஆகவே நம் கேள்விக்கு விடை இதுதான். செல்வ நாடுகள் போர் அகதிகளை இன்னும் அதிகமாக ஏற்கலாம், ஏற்கவும் வேண்டும். எத்தனை பேர் என்பதைக் கருவூலம் மட்டும் நிர்ணயிப்பதில்லை. ஒரு குடும்பத்துக்குத் துணை நிற்க முன்வரும் ஐவர் குழுக்கள் எத்தனை என்பதும் அதை நிர்ணயிக்கிறது. 1939இல் கனடாவில் நிலம் இருந்தது, மனம் இருக்கவில்லை. 1979இல் மனம் வந்தது, இடமும் தானே வந்தது. அரசு வீடும் சட்டமும் தரட்டும்; மக்கள் அயலார் அன்பைத் தரட்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று நிலைக்காது.

அன்புச் சகோதரிகளே! நாம் நாடுகளை ஆளும் நிலையில் இல்லை. எனினும் வேற்றூரிலிருந்தோ முகாமிலிருந்தோ ஒரு மாணவி நம் வகுப்பில் புதிதாகச் சேரும்போது, பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் கொடுப்பது நம் கையில்தான் இருக்கிறது. மேரியன் டியூவர் தம் நகர மக்களிடம் கேட்டதும் ஏறக்குறைய அவ்வளவே.