புது வீட்டில் கூடுதல் வேலை: பில்டரிடமா, வெளி ஆளிடமா?

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று பெரியவர்கள் சொன்ன காலத்தில், கொத்தனாரைப் பிடித்து, செங்கல் எண்ணி, சிமெண்ட் மூட்டைக்குக் காவல் இருந்து நாமே வீடு கட்டினோம். இப்போது மைசூரில் போகாதி, தட்டகள்ளி, ஹூட்டகள்ளி என்று எந்தப் பக்கம் போனாலும் பில்டர் கட்டித் தரும் வீடுகள்தாம் அதிகம். கட்டும் பாடு குறைந்துவிட்டது. ஆனால் முன்பணம் கொடுத்த சில மாதங்களில் பில்டரின் அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வருகிறது: உயர்ந்த ரக டைல்ஸ், கூடுதல் மின் இணைப்புகள், மாடுலர் சமையலறை, குளியலறைச் சாமான்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு விலை. அதை வாங்குவதா, சாவி கைக்கு வந்தபின் வெளி ஆளை வைத்துச் செய்துகொள்வதா?

ஓய்வூதியப் பணத்தை வீட்டில் போட்டுவிட்ட நம்மவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. மகனோ மகளோ வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப, இங்கே பெற்றோர் நின்று முடிவெடுக்கும் குடும்பங்களும் நம்மிடையே பல உண்டு. அவர்களுக்காகவே இக்கட்டுரை.

மறைவது எது, தெரிவது எது?

ரயில்வேயில் நாங்கள் முதலில் கற்ற பாடம் இது. தண்டவாளத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அதன் அடியில் இருக்கும் மண்கரையில் கோளாறு என்றால் ரயிலையே நிறுத்த வேண்டும். வீட்டுக்கும் இதே கணக்குதான். சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் மறைந்து போகும் வேலைகளைப் பில்டரிடமே கொடுங்கள். வெளியே தெரிகிற, கழற்றி மாற்றக்கூடிய வேலைகளை வெளி ஆளிடம் கொடுக்கலாம்.

மறையும் வேலைகளில் முதலாவது மின்சாரம். ஏ.சி., கீஸர் ஆகியவற்றுக்கு 4 சதுர மி.மீ. கம்பி, பெரிய பிளக்குகளுக்கு 2.5, விளக்குக்கு 1.5 என்பது பொதுவான நடைமுறை. இன்வெர்ட்டருக்குத் தனி லைன், மின்சார வாகனத்துக்கு மீட்டரிலிருந்து வண்டி நிறுத்துமிடம் வரை ஒரு வெறும் குழாய், உயிர் காக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகியவற்றைப் பூச்சு வேலை தொடங்குமுன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும். பிறகு சுவரை வெட்டினால் என்ன ஆகும்? சுவர்க் கனத்தில், செங்குத்தாக வெட்டினால் மூன்றில் ஒரு பங்கு, கிடையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது கட்டடப் பாடம். நாலரை அங்குலச் சுவரில் கிடையாக முக்கால் அங்குலம்தான் வெட்டலாம். கையில் கட்டிங் மெஷின் வைத்திருக்கும் பையனுக்கு இந்தக் கணக்கு தெரியாது. தூணையும் உத்திரத்தையும் எந்தக் காரணத்துக்காகவும் தொடவே கூடாது.

இரண்டாவது குளியலறை. டைல்ஸுக்கு அடியில் நீர்க்காப்புப் பூச்சு இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு நண்பருக்குப் பில்டர் போட்ட டைல்ஸ் நிறம் பிடிக்கவில்லை. பில்டர் கேட்ட கூடுதல் தொகை அதிகம் என்று நினைத்து, குடிபுகுமுன் வெளி ஆளை வைத்து உடைத்து மாற்றினார். டைல்ஸோடு நீர்க்காப்பும் பெயர்ந்துவிட்டது. அடுத்த சில மாதங்களில் கீழ்வீட்டுக்காரர் தம் கூரையைக் காட்டி அழைத்தார். 'உங்கள் ஆள் உடைத்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல' என்றார் பில்டர். டைல்ஸ் போட்டவரின் தொலைபேசியோ அணைந்துவிட்டது. மறுபடி உடைத்துச் சரிசெய்ய, பில்டர் முதலில் கேட்டதைவிட அதிகம் செலவாயிற்று. கீழ்வீட்டோடு இருந்த நல்லுறவு போனது தனி நஷ்டம்.

முதியவர்கள் இருக்கும் வீட்டில் குளியலறைக் கைப்பிடி எங்கே வரும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். உள்ளீடற்ற கல்லில் ஸ்குரூ பிடிக்காது; அந்த இடத்தில் கெட்டியான சுவர் வேண்டும்.

பில்டர் விலையைப் படிப்பது எப்படி?

பட்டியலில் கண்ட விலை முழு விலையா, வித்தியாசமா என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, ஒப்பந்தத்தில் உள்ள டைல்ஸ் சதுர அடி 60 ரூபாய்; நீங்கள் கேட்பது 110 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1000 சதுர அடிக்கு நீங்கள் தர வேண்டியது 50,000 ரூபாய் வித்தியாசமே, 1,10,000 அல்ல. பதிக்கும் கூலி ஏற்கெனவே வீட்டு விலையில் அடங்கியிருக்கிறது. கழித்த பொருளுக்கு வரவு வைக்காமல் முழு விலையையும் கேட்டால், அங்கே பேரம் பேச இடம் உண்டு.

அதேபோல் வெளி ஆளின் விலையையும் முழுதாகக் கூட்டுங்கள். பழையதை உடைக்கும் கூலி, குப்பை அப்புறப்படுத்தும் வண்டி, புதுப் பொருள், கலவை, கூலி, வேலை முடியும் வரை நீங்கள் கட்டும் வாடகை எல்லாம் சேர்ந்ததுதான் அவர் விலை.

வரியையும் பாருங்கள். கட்டுமானத்தில் இருக்கும் சாதாரண வீட்டுக்கு 2019 ஏப்ரல் முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், மலிவு வீட்டுக்கு 1 சதவீதம். பதிவு பெற்ற இன்டீரியர் காண்டிராக்டரின் பில்லில் 18 சதவீதம் வரும். பில்டர் கூடுதல் வேலைக்கு எந்த விகிதம் போடுகிறார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டுக் கடன் வாங்குபவர்கள், கூடுதல் வேலை ஒப்பந்தத் தொகையில் சேருமா என்று வங்கியிலும் கேட்டுவிடுவது நல்லது.

வெளி ஆள் சிறந்த இடங்கள்

அலமாரி, சமையலறைப் பெட்டிகள், பூஜை அறைக் கதவு, திரைச்சீலை, விளக்குகள், பெயிண்ட் ஆகியவற்றில் வெளி ஆளே பெரும்பாலும் லாபம். பில்டரின் வண்ணப் படத்தில் மரம் போல மின்னுவது, உள்ளே பார்ட்டிக்கிள் போர்டாக இருக்கக்கூடும். ஒருமுறை தண்ணீர் பட்டு ஊறினால் உப்பிவிடும். நல்ல ஆசாரியிடம் நீங்களே ரகத்தைச் சொல்லலாம். தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710, மற்ற இடங்களுக்கு ஐ.எஸ். 303 முத்திரை உள்ள பிளைவுட். பலகை வந்து இறங்கியதும் முத்திரையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேமினேட் ஒட்டியபின் பார்க்க முடியாது.

பணம் கொடுப்பதில் ரயில்வே முறை நமக்கும் பொருந்தும். செய்த வேலையை அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதி, அதற்கு மட்டுமே பில் பாஸ் செய்வோம். ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, பராமரிப்புக் காலம் முடிந்த பிறகே விடுவிப்போம். வீட்டிலும் பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, ஒரு மழைக்காலம் கழிந்தபின் கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நல்ல வேலைக்காரர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

நம் மைசூர் அரண்மனையே இதற்கு ஒரு சாட்சி. 1897இல் பழைய மர அரண்மனை தீக்கிரையானபின், ஹென்றி இர்வின் வரைந்த திட்டப்படி 1912இல் இன்றைய அரண்மனை முடிந்தது. கல்யாண மண்டபத்தின் வார்ப்பிரும்புத் தூண்கள் கிளாஸ்கோ நகரத்து வார்ப்பட ஆலையிலிருந்து வந்தவை. ஆனால் இங்கே வேலை முழுவதையும் அரண்மனைப் பிரிவின் நிர்வாகப் பொறியாளர் பி.பி. ராகவுலு நாயுடு மேற்பார்த்தார். வெளியிலிருந்து சிறப்பு வேலை வரலாம். பொறுப்பு மட்டும் ஓரிடத்தில் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம், 14ஆம் பிரிவில், சாவி கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்தால், புகார் செய்த 30 நாளில் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. பில்டரிடம் வாங்கும் கூடுதல் வேலையும் இந்தப் பாதுகாப்புக்குள் வரும்படி, அதை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே எழுதி வாங்குங்கள். வெறும் ரசீது போதாது. கூடுதல் வேலையைக் காட்டிச் சாவி கொடுக்கும் தேதியைத் தள்ளக் கூடாது என்ற வரியும் அதில் இருக்கட்டும். 13ஆம் பிரிவின்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர் வாங்க முடியாது.

500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்திலோ, 8 வீடுகளுக்கு மிகாமலோ கட்டினால் ரெராவில் பதிவு கட்டாயமில்லை. மைசூரில் இத்தகைய சிறு பில்டர்கள் பலர். அங்கே 5 ஆண்டுப் பொறுப்பை ஒப்பந்தத்தில் நீங்களே எழுதச் சொல்ல வேண்டும். வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே என்று 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்தே இருக்கிறது.

சாவி வாங்கும் நாளில்

வெளி ஆள் ஒரு ஆணி அடிப்பதற்கு முன், வீட்டை ஒரு முழுநாள் சோதியுங்கள். எல்லாக் குழாய்களையும் திறந்துவிடுங்கள். குளியலறைத் தரையில் நீரைத் தேக்கி இரண்டு நாள் விடுங்கள். ஒவ்வொரு பிளக்கையும் பாருங்கள். குறைகளைப் பட்டியலிட்டு, தேதியிட்டு, பில்டரிடம் கையொப்பம் வாங்குங்கள். வேலை ஆரம்பித்துவிட்டால், விரிசல் யாரால் வந்தது என்ற சண்டைக்கு முடிவே இராது.

பூச்சுக்கு முன் சுவரில் ஓடும் குழாய், கம்பிகளின் படங்கள், கூடுதல் வேலைக் கடிதம், குறைப்பட்டியல், ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, முதல் பக்கத்தில் சாவி வாங்கிய தேதியைப் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். அந்த ஐந்து ஆண்டும் அந்தக் கோப்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கும் அது இருக்குமிடம் தெரிந்திருக்கட்டும்.