சனிக்கிழமை மாலை நாங்கள் திருடப் போவோம்

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் என்னைத் தொலைபேசியில் அழைத்தால் எடுக்க மாட்டேன். அந்நேரம் கோலாலம்பூரில் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பிரபுவின் மாளிகைக்குள் நான்கு பேரை அனுப்பிவிட்டு, அவர்கள் எப்போது மாட்டுவார்கள் என்று காத்திருப்பேன். முதல் வாரம் கதவுக்கு வெளியே நின்று கேட்ட அம்மா, "ஏம்மா, எந்தப் பெட்டகத்த உடைக்கப் போறீங்க?" என்று கவலையோடு கேட்டார். இப்போது தேநீரைக் கதவருகில் வைத்துவிட்டு, "இன்னைக்காவது தப்பிச்சீங்களா?" என்கிறார்.

நாங்கள் ஆடுவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதையாட்டம். ஆங்கிலத்தில் ரோல்பிளேயிங் கேம் என்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்ற ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகப் பேசுவார்கள், முடிவெடுப்பார்கள். முடியுமா முடியாதா என்ற சந்தேகம் வந்தால் பகடை உருளும். 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகையின் மூத்த பிள்ளை. இன்றைக்கும் பெரும்பாலோர் ஆடுவது அதைத்தான். நாங்கள் ஆடுவது அதுவல்ல. ஜான் ஹார்ப்பர் எழுதி, 2017-இல் புத்தகமாக வந்த 'பிளேட்ஸ் இன் தி டார்க்'. சூரியன் உடைந்து இருண்டுபோன உலகம். பேய்கள் உள்ளே வராமல் மின்னல் கோபுரங்கள் காக்கும் டாஸ்க்வால் என்ற நகரம். அதன் சந்துபொந்துகளில் பிழைக்கும் ஒரு திருட்டுக் கூட்டம். அந்தக் கூட்டம்தான் நாங்கள்.

நண்பர்களில் பலருக்கு மூத்த ஆட்டமே தெரியாது. இந்த ஆட்டத்துக்கு, அதிலும் தமிழில் ஆட, எங்கே போய் ஆள் தேடுவது? நான் தேடவில்லை, அகப்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை. மெல்பர்னில் படிக்கும் என் சித்தி மகன். கிள்ளானில் கணக்காளராக இருக்கும் கல்லூரித் தோழி. அவளுடைய தோழி ஒருத்தி, ஜொகூர் பாருவிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருபவள். நான்காமவர் ஈப்போவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். என் காலை நிகழ்ச்சிக்குத் தவறாமல் அழைக்கும் நேயர். ஒருநாள் ஒலிபரப்பில் வாய்தவறி இந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மறுநாளே அழைத்து, "எனக்கு வயது அறுபத்தொன்று, சேர்த்துக்கொள்வீர்களா?" என்றார்.

ஆள் சேர்ப்பதைவிட நேரம் சேர்ப்பது கடினம். வெள்ளி இரவு என்று தொடங்கினோம். எங்களுக்கு ஒன்பது மணி என்றால் மெல்பர்னில் பதினொன்று. அக்டோபரில் அங்கே கடிகாரத்தை முன்னே தள்ளிவிடுவதால் நள்ளிரவு. தம்பி பாதிக் கொள்ளையில் தூங்கிப்போவான். காலை நிகழ்ச்சிக்காக வாரம் முழுக்க நாலரை மணிக்கு எழும் நானும் அவனைவிடப் பெரிய விழிப்பில் இல்லை. சனி மாலைக்கு மாற்றிய பிறகுதான் குழு நிலைத்தது. இன்னொரு விதியும் வைத்தோம்: மூன்று பேர் இருந்தால் ஆட்டம் நடக்கும். எல்லாரும் வரும் நாளுக்குக் காத்திருந்த குழுக்கள் இரண்டாவது மாதத்தைத் தாண்டியதை நான் பார்த்ததில்லை. இந்த ஆட்டம் அதற்கு ஒத்துவரும். ஒரு வாரம் ஒரு திருட்டு, அன்றைக்கே முடிந்துவிடும். வராதவர் மறைவிடத்தில் படுத்திருக்கிறார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

செலவும் அதிகமில்லை. விதிகளின் சாரம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, மொழிபெயர்த்துக்கொள்ளவும் தடையில்லை. பகடை, பாம்பும் ஏணியும் பெட்டியில் கிடக்கும் அதே ஆறுமுகக் காய்தான். திறமைக்கேற்பச் சில காய்களை உருட்டி, பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு வந்தால் வெற்றி. நான்கோ ஐந்தோ வந்தால் வெற்றி, ஆனால் ஒரு வம்பும் சேர்ந்து வரும். மூன்றும் அதற்குக் கீழும் வந்தால் வம்பு மட்டும்தான். இரண்டு காய் உருட்டினால் மொத்தம் 36 வாய்ப்புகள். அவற்றில் 11 சுத்த வெற்றி, 9 தோல்வி, மீதி 16 வம்போடு வரும் வெற்றி. அந்த 16-இல்தான் கதையே இருக்கிறது. பூட்டைத் திறந்துவிட்டாய், ஆனால் சாவி உள்ளேயே உடைந்துவிட்டது என்பது போல.

எங்கள் எல்லாருக்கும் பிடித்த விதி பிளாஷ்பேக். தமிழ்ப்படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதைக் கற்றுத்தர வேண்டுமா? இந்த ஆட்டத்தில் திருட்டுக்கு முன்னால் மணிக்கணக்கில் திட்டம் போடக்கூடாது. நேரே உள்ளே இறங்கிவிட வேண்டும். மாட்டிக்கொண்டால், "இரண்டு நாளுக்கு முன்பே இதற்கு ஒரு ஏற்பாடு செய்துவைத்தேன்" என்று பின்னோக்கிப் போய் ஒரு காட்சி சொல்லலாம். ஏற்பாடு எவ்வளவு நம்ப முடியாததோ, அவ்வளவு மன அழுத்தக் கட்டங்கள் நிரம்பும். மொத்தம் ஒன்பது கட்டம்தான்; நிறைந்தால் பாத்திரத்தின் மனத்தில் ஆறாத வடு விழும். ஒருமுறை ஆசிரியரைக் காவலாளி பிடித்துவிட்டான். அவர் அசரவில்லை. "போன மாதம் முழுக்க இவன் மகனுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக் கொடுத்தேனே!" என்றார். கிள்ளான் தோழி சிரித்த சிரிப்பில் ஒலிவாங்கி கிறீச்சிட்டது.

தமிழில் ஆடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலப் புத்தகம் எதுவும் அதைச் சொல்லித் தராது. எங்கள் கூட்டத்தின் தலைவி ஜொகூர்த் தங்கையின் பாத்திரம். ஆசிரியருடையது, அவளிடம் அடிவாங்கும் எடுபிடி. முதல் வாரம் அவள் அவரைத் திட்ட வேண்டிய காட்சி. "நீங்க ஏன் சார் விளக்க அணைக்கல?" என்றாள். கொள்ளைக்கூட்டத் தலைவி 'சார்' போடுகிறாள்! ஆசிரியரே நிறுத்தி, "அம்மா, இங்கே நான் சார் இல்லை, ஒரு திருட்டுப்பயல். 'டேய்' என்று கூப்பிடு" என்றார். மூன்று வாரமானது அவளுக்கு வாய் வர. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு தடவையும் "மன்னிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

அவளைத்தான் நான் காயப்படுத்தினேன்.

நான்காவது மாதம். எங்கள் கூட்டம் ஒரு பெரிய கும்பலிடம் உதவி வாங்கியிருந்தது. கைமாறாக, ஒரு தையற்காரர் குடும்பத்திடம் கடன் வசூலித்து வரச் சொன்னது அந்தக் கும்பல். கதை நடத்துபவர்தான் மற்ற எல்லாருக்கும் குரல் கொடுக்க வேண்டும். நானும் வானொலி நாடகத்தில் பழகிய தொண்டையை வைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நடுங்கும் தையற்காரர் மனைவியாகப் பேசினேன். வாசற்கதவில் சிவப்புச் சாயம் வழிவதாக வேறு வர்ணித்தேன். நம்மூர் வாசனை இருக்கட்டுமே என்று நினைத்தேன். "தலைவி, என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டேன். பதில் இல்லை.

வானொலிக்காரர்களுக்கு மூன்று விநாடி மௌனம் என்றால் வயிற்றைக் கலக்கும். மௌனம் விழுந்தால் வாய் தானாக நிரப்பிவிடும். நானும் நிரப்பினேன். இன்னும் கொஞ்சம் அழுதேன், இன்னும் கொஞ்சம் சாயம் ஊற்றினேன். அவளுடைய கேமரா அணைந்தது. இணைய இணைப்பு சரியில்லை போலும் என்று கதையை மற்றவர் பக்கம் திருப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. வேலை அதிகம் என்று புலனத்தில் ஒரு வரி. அதற்கடுத்த வாரமும் அதே வரி. மூன்றாவது வாரம் நானே அழைத்தேன். சுற்றிவளைக்காமல் சொன்னாள். அவள் அப்பா ஆலோங்கிடம் வாங்கிய கடன். அம்மாவும் அவளும் மட்டும் வீட்டில் இருந்த இரவு, வாசலில் சாயம் ஊற்றிவிட்டுப் போனார்கள். "நீங்க நல்லா நடிச்சீங்கக்கா. அதான் பிரச்சினை" என்றாள்.

அன்று நான் ஒன்றும் நிரப்பவில்லை. மன்னிப்புக் கேட்டேன்; பிறகு அவள் பேசட்டும் என்று இருந்தேன்.

முதல் ஆட்டத்துக்கு முன்பே எல்லாரும் உட்கார்ந்து, எதையெல்லாம் கதையில் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பேசிக்கொள்ள வேண்டும் என்பது இந்த வட்டாரத்தில் பழைய பாடம். எனக்கும் தெரியும். தெரிந்தவர்கள்தானே, எதற்குச் சடங்கு என்று தாண்டிவிட்டேன். அவள் தோழியின் தோழி. எனக்கு அவளைத் தெரியவே தெரியாது என்பதுகூட அப்போது உறைக்கவில்லை.

ரான் எட்வர்ட்ஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் சொல்லிவைத்த இரண்டு சொற்களைத் தமிழில் எடுத்துக்கொண்டோம்: கோடு, திரை. கோட்டுக்கு அப்பால் இருப்பது கதைக்குள் வரவே வராது. திரைக்குப் பின்னால் இருப்பது நடக்கலாம், ஆனால் வர்ணிக்க மாட்டோம். சினிமாவில் விளக்கை அணைத்துவிட்டு அடுத்த நாள் காலையைக் காட்டுவது போல. ஒவ்வொருவரும் எனக்குத் தனியாக எழுதி அனுப்ப வேண்டும். பெயர் போடாமல் ஒரே பட்டியலாக்கிக் குழுவில் வைப்பேன். இவருக்கு என்ன இருக்கப்போகிறது என்று நான் நினைத்தவர்தான் ஆக நீளமாக எழுதியிருந்தார். என்ன, யார் என்று சொல்ல மாட்டேன். இவர்களோடு நான்கு மாதம் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அன்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் சேர்த்தோம். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டை. மேசையில் அந்த அட்டையைத் தொட்டால் காட்சி அங்கேயே மாறும், யாரும் காரணம் கேட்கக்கூடாது. இயங்கலையில் தொட அட்டை இல்லை. அதனால் உரையாடல் பெட்டியில் ஒரு புள்ளி வைத்தால் போதும் என்று முடிவு செய்தோம். இதுவரை இரண்டு முறை புள்ளி விழுந்திருக்கிறது. ஒன்று நான் வைத்தது.

ஒரு மாதம் கழித்துத் தங்கை திரும்பி வந்தாள். கடன் இன்றும் கோட்டுக்கு அப்பால்தான் இருக்கிறது. கூட்டத்தலைவி மட்டும் முன்னைவிட மோசமாகத் திட்டுகிறாள்.

போன சனிக்கிழமை ஜொகூர் கடற்பாலத்தில் வழக்கமான நெரிசல். நான்கு மணிக்குப் பேருந்தில் நின்றபடியே திறன்பேசியில் சேர்ந்தாள். பின்னணியில் ஹாரன் சத்தம், யாரோ குழந்தையை அதட்டும் சத்தம். கூரையிலிருந்து கூரைக்குத் தாவ வேண்டிய கட்டம். அவளிடம் பகடை இல்லை, இருந்தாலும் உருட்ட இடமில்லை.

"தலைவி, உனக்கு நான் உருட்டவா?" என்றார் ஆசிரியர். ஈப்போவில் அவருடைய மரமேசை மீது இரண்டு காய்கள் உருளும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. ஒன்று, நான்கு.

"தாவிட்ட. ஆனா..." என்று நான் இழுத்தேன். நான்கு பேரும் காத்திருந்தார்கள். பேருந்து கொஞ்சம் நகர்ந்தது.