திருடனுக்கும் டிக்கெட் கொடுக்கும் காவல்காரன்!

2024-ம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவில் 'அசென்ஷன்' நிறுவனத்தின் ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நர்சுகள் காகிதத்தில் குறிப்பு எழுதினார்கள். சில ஊர்களில் ஆம்புலன்சுகள் வேறு ஆஸ்பத்திரிகளுக்குத் திருப்பிவிடப்பட்டன. சுமார் 56 லட்சம் பேரின் விவரங்கள் களவு போயின.

ஒப்பந்த ஊழியர் ஒருவர் இணையத்தில் தேடியபோது தட்டிய ஓர் இணைப்பு கதவைத் திறந்துவிட்டது; உள்ளே வந்த திருடர்கள் கையாண்ட வித்தை 'கெர்பரோஸ்டிங்' என்று செனட்டர் ரான் வைடன் 2025-ல் தெரிவித்தார்.

அது என்ன வித்தை?

பெரிய நிறுவனங்களில் யார் எதற்குள் நுழையலாம் என்ற விவரம் மைக்ரோசாப்டின் 'ஆக்டிவ் டைரக்டரி' என்ற பேரேட்டில் இருக்கும். அதன் காவல்காரன் கெர்பரோஸ். கிரேக்கப் புராணத்தில் வரும் மூன்று தலை நாயின் பெயர் அது!

உள்ளே நுழைந்துவிட்டவர் யார் கேட்டாலும், எந்தச் சர்வீசுக்கும் அவன் டிக்கெட் கொடுப்பான். அந்த டிக்கெட், சர்வீஸ் கணக்கின் பாஸ்வேர்டால் பூட்டப்பட்டது. திருடன் அதைத் தன் இடத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்ப்பான். எத்தனை தடவை தவறினாலும் நிறுவனத்தில் மணி அடிக்காது!

பிடிப்பது எப்படி?

ஒரே ஆள் சில நிமிடங்களில் பல சர்வீசுகளுக்கு டிக்கெட் கேட்டால் சந்தேகப்பட வேண்டும். 'ஆர்சி4' என்ற பழைய பூட்டுப் போட்ட டிக்கெட்டைக் கேட்டாலும் அப்படியே.

இன்னொரு தந்திரமும் உண்டு. யாருக்கும் பயன்படாத பொய்க் கணக்கு ஒன்றைப் பேரேட்டில் வைப்பார்கள். அதற்கு டிக்கெட் கேட்பவன் வேலை பார்க்க வந்தவனா? வேவு பார்க்க வந்தவன்!

சர்வீஸ் கணக்குக்கு 25 எழுத்துக்கு மேல் கண்டபடி கலந்த பாஸ்வேர்டு வைத்துவிட்டால், அவன் ஆயுள் முழுவதும் முயன்றாலும் பூட்டு திறக்காது.